கைனனுக்காகவே வாங்கலாம்: ஸ்டார் ட்ரெக் இரண்டாம் சீசன் புளூரே பெட்டி

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இரண்டாம் சீசன் புளூரே பெட்டியை நான் வாங்கியது வூப்பி கோல்ட்பர்க்குக்காக. முதல் சீசனில் அவர் கிடையாது. 1988 நவம்பரில் வந்த இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில்தான் அகலமான தட்டுத் தொப்பியும் நீண்ட அங்கியுமாக, விண்வெளிக் கப்பலில் உள்ள டென் ஃபார்வர்டு என்ற மதுக்கூடத்தில் கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்கிறார். பாத்திரத்தின் பெயர் கைனன். கப்பலில் அவருக்குப் பதவி இல்லை, சீருடை இல்லை, யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆனாலும் கேப்டன் பிகார்ட் உள்பட எல்லோரும் மனசில் இருப்பதைக் கொட்ட அவரிடம்தான் போகிறார்கள்.

படம் எப்படி, சத்தம் எப்படி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஒரு காமெடி நடிகை, அதுவும் ஹாலிவுட்டில் பெயர் வாங்கி முடித்த பிறகு, ஒரு டிவி தொடரில் சின்ன வேஷம் கொடுங்கள் என்று தானே போய்க் கேட்ட கதை இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இதற்குக் கொடுக்கும் காசு நியாயமாகப் படும்.

வூப்பியின் சொந்தப் பெயர் கேரின் ஜான்சன். 1955-ல் நியூயார்க்கில் பிறந்து அங்கேயே அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1966 செப்டம்பரில் பழைய ஸ்டார் ட்ரெக் தொடங்கியபோது அவருக்குப் பதினோரு வயதுகூட ஆகவில்லை. அதில் நிஷெல் நிக்கல்ஸ் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார்: அம்மா, டிவியில் ஒரு கறுப்புப் பொம்பளை வருகிறாள், அவள் வேலைக்காரி இல்லை! அதே நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் தொடரை விட்டுப் போகப் பார்த்திருக்கிறார். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, போகக் கூடாது, நீ அங்கே இருப்பது உனக்குத் தெரிவதைவிடப் பெரிய விஷயம் என்கிற மாதிரி பேசி நிறுத்தியிருக்கிறார். அவர் நின்றதால்தான் நியூயார்க் வீட்டில் அந்தச் சின்னப் பெண் தொடர்ந்து அவரைப் பார்க்க முடிந்தது.

இதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரி உறைக்கிறது. 1966-ல் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் டிவி இல்லை, ஏனென்றால் நாட்டிலேயே இல்லை. தபால் தந்தி அமைச்சர் ஆல்பர்ட் ஹெர்ட்சாக் டிவியே வரக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர். 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியதை உலகமே நேரடியாகப் பார்த்தது, இந்தப் பணக்கார நாட்டுக்காரர்களால் முடியவில்லை. 1976 ஜனவரி 5 அன்றுதான் ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது. வந்த பிறகும் திரையில் பேசியவர்கள் ஆங்கிலமும் ஆப்பிரிகான்ஸும் பேசும் வெள்ளைக்காரர்கள்தான், பிரிட்டிஷ் நடிகர் சங்கம் நிறவெறியை எதிர்த்துத் தங்கள் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இங்கே விற்க விடவில்லை (அது சரியான முடிவு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்). ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டத்தால் எங்கள் பெரியவர்கள் பழைய வீடுகளை விட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு மூட்டை கட்டியது அந்த அறுபதுகளில்தான். தங்களைப் போன்ற முகத்தைத் திரையில் பார்க்க அவர்கள் கிரே ஸ்ட்ரீட் பக்கத்துத் தியேட்டர்களுக்குப் போக வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். படத்துக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனதை என் அத்தை இப்பவும் சொல்வார். தன் நிறத்தில் ஒருவரைத் திரையில் பார்த்துவிட்டு ஒரு சிறுமி வீடு முழுக்க ஏன் ஓடினாள் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அவர் காமெடிக்கு வந்தார். 1983-ல் தனி ஆளாக மேடையேறி, பல பாத்திரங்களைத் தானே மாறி மாறிச் செய்யும் நிகழ்ச்சி ஒன்றை உருவாக்கினார். அதைப் பார்த்த இயக்குநர் மைக் நிக்கல்ஸ் 1984-ல் பிராட்வேக்குக் கொண்டுபோனார், அதன் ஒலிப்பதிவுக்கு 1986-ல் கிராமி கிடைத்தது. அதில் ஒரு துண்டு இருக்கிறது, என்னைக் கேட்டால் அவருடைய மொத்த வாழ்க்கையையும் அதை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு சின்னக் கறுப்புப் பெண் வெள்ளைப் பாவாடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இதுதான் என் நீளமான பொன்னிற முடி என்கிறாள். டிவியில் வர ஆசை, ஆனால் அவள் பார்க்கிற தொடரில் யாருக்கும் அவள் மாதிரித் தலைமுடி இல்லை. ஜனங்கள் சிரிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தொண்டையில் அடைக்கிறது. உஹுராவைப் பார்ப்பதற்கு முன்னால் இருந்த கேரின் ஜான்சன்தான் இந்தப் பெண் என்று நான் நம்புகிறேன். ஒரு டிவி தொடரின் ரசிகையாக இருந்ததும் மேடைக் காமெடியும் அவருக்கு இரண்டு தனி விஷயங்கள் இல்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

1985-ல் ஸ்பீல்பெர்க் படம், அதற்கு ஆஸ்கர் பரிந்துரை. அந்த உயரத்தில் இருக்கும்போதுதான் அவர் நண்பர் லெவார் பர்ட்டனிடம் (தொடரில் ஜியோர்டியாக நடித்தவர் இவர்தான்) சொல்லி அனுப்புகிறார், எனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்று. சினிமா நட்சத்திரம் டிவிக்கு வருவதாவது, விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று தயாரிப்பாளர்கள் விட்டுவிட்டார்கள். தொடரின் நடிகைகளில் ஒருவரான டெனிஸ் கிராஸ்பி முதல் சீசனிலேயே விலகிய பிறகு மறுபடியும் கேட்டார். ஏன் இவ்வளவு ஆசை என்று ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி விசாரித்தபோது உஹுராவைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு எழுதப்பட்டவள்தான் கைனன், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் நியூயார்க்கில் பிரபலமாக இருந்த விடுதிக்காரி டெக்சஸ் கைனன் பெயரை வைத்தார்கள்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். இந்த சீசனில் 22 எபிசோடுகள்தான். 1988-ல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ததால் குறைந்துவிட்டது. கைனன் எல்லாவற்றிலும் வருவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வருகிற இடங்களிலும் பல சமயம் இரண்டு மூன்று நிமிஷம்தான். ஆனால் அந்த நிமிஷங்கள்!

'தி அவுட்ரேஜியஸ் ஒகோனா' என்ற எபிசோடு கதையாக ரொம்பச் சுமார். இருந்தாலும் அதன் கிளைக்கதையை நான் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். கப்பலில் டேட்டா என்று ஒரு மனித உருவ ரோபோ உண்டு, நகைச்சுவை என்றால் என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. கைனன் அவனுக்கு ஒரு ஜோக் சொல்கிறார், அவன் முகம் அப்படியே இருக்கிறது. ஹாலோடெக்கில் (எந்த இடத்தையும் ஆளையும் நிஜம் போலவே உருவாக்கிக் காட்டும் அறை அது) ஒரு மேடைக் காமெடியனைக் கணினி வழியாக வரவழைத்துப் பாடம் படிக்கிறான், அப்புறம் ரசிகர் கூட்டத்தையும் வரவழைத்து அவர்கள் முன் தானே நிகழ்ச்சி நடத்துகிறான். வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள், கையை அசைத்தாலும் சிரிக்கிறார்கள், எதற்கும் சிரிக்கும்படி செய்யப்பட்ட கூட்டம் இது என்று அவனுக்கே தெரிந்துபோகிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவர் தனி ஆளாய் நியூயார்க் மேடையைக் கட்டிப்போட்ட வூப்பி கோல்ட்பர்க். சிரிப்பை எப்படிச் சம்பாதிக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் நிற்பதால்தான் சாதாரணக் காட்சிக்கு ஒரு கனம் வருகிறது.

'தி டாஃபின்' எபிசோடில் சின்னப் பையன் வெஸ்லிக்குப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று காட்டுவதற்காகக் கப்பலின் துணைத் தலைவர் ரைக்கரும் கைனனும் காதல் வசனம் பேசத் தொடங்கி, பையன் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே வூப்பி எவ்வளவு நேரம் விடுகிறார் என்று கவனியுங்கள், காமெடி கற்றவர்களுக்கு மட்டும் வரும் நிதானம் அது. 'கியூ ஹூ'வில் சர்வ வல்லமை படைத்த கியூ எதிரே வந்ததும் இரண்டு கைகளையும் பூனை நகம் நீட்டுவது போலத் தூக்கி நிற்பார். யார் இந்தப் பெண், இவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வியை ஒரு கை அசைவில் கிளப்பிவிட்டுப் போய்விடுகிறார்.

இனி 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. பெட்டியில் இது ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

கதை இதுதான். டேட்டாவைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி நிறையச் செய்ய ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறான். மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டா, அவன் ஒரு ஆளா, இல்லை விண்படையின் சொத்தா என்று வழக்கு. அவன் நண்பன் ரைக்கரே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம். ரைக்கர் எழுந்து போய் டேட்டாவின் முதுகில் உள்ள சுவிட்சை அமுக்க, அவன் மேஜை மேல் அப்படியே சாய்கிறான். தோற்றுவிட்டோம் என்று பிகார்ட் இடைவேளையில் டென் ஃபார்வர்டுக்கு வருகிறார். கைனன் அவரோடு பேச ஆரம்பிக்கிறார், அவசரமே இல்லை. அந்த விஞ்ஞானி ஜெயித்தால் டேட்டாக்கள் ஏராளமாக வருவார்கள், எல்லோரும் விலைமதிப்புள்ளவர்கள் என்கிறார். பல உலகங்களின் சரித்திரத்தில் தூக்கி எறியப்படக்கூடிய ஆட்கள் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள், கஷ்டமானது ஆபத்தானது என்று மற்றவர் தொடாத வேலையெல்லாம் அவர்கள் தலையில்தான் விழும், அவர்கள் நலனைப் பற்றி யாரும் யோசிக்கத் தேவையில்லை என்கிறார். குரல் உயரவே இல்லை. அடிமைத்தனம் என்ற சொல்லை அவர் சொல்வதில்லை, பிகார்ட் வாயிலிருந்தே வர வைக்கிறார். வந்ததும், அது கொஞ்சம் கடுமையான சொல் இல்லையா என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறார். அந்த முகத்தைப் புளூரேயில் பார்க்க வேண்டும். புருவமே இல்லாத முகம் அது, அதனால் எல்லாவற்றையும் கண்ணிலேயே செய்ய வேண்டியிருக்கிறது. பிகார்ட் அந்தச் சொல்லைச் சொல்லட்டும் என்று அந்தக் கண்கள் காத்திருப்பது இப்போதுதான் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

அத்தையோடு உட்கார்ந்து பார்த்தபோது, இன்னொரு தடவை போடு கண்ணு என்றார். போட்டேன். முடிந்ததும், "எங்க தாத்தாவுக்கும் ஒரு நம்பர் இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது காலனி நம்பர். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து எங்கள் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து, கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் பூர்வீக ஊரைத் தேடுபவர்கள் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒப்பந்தம் அடிமைமுறை இல்லை என்று சட்டத்தில் எழுதியிருந்தது, கரும்புத் தோட்டத்தில் வெட்டியவர்களுக்கு அதனால் எவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. நான் அத்தைக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. டேட்டாவைச் சுவிட்ச் போட்டு அணைக்கும் காட்சியை மட்டும் அவர் இரண்டாம் தடவை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இந்த எபிசோடுக்கு வேறு ஒரு விசேஷமும் பெட்டியில் உண்டு. நேரம் போதாமல் வெட்டிய காட்சிகளோடு சேர்ந்த முழு வடிவத்தின் ஒரு வீடியோ கேசட் பிரதியைக் கதை எழுதிய மெலிண்டா ஸ்நாட்கிராஸ் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதை வழிகாட்டியாக வைத்துப் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து, சுமார் 57 நிமிஷம் ஓடும் நீண்ட வடிவத்தை இங்கே தந்திருக்கிறார்கள். முதலில் ஒளிபரப்பான வடிவத்தைப் பாருங்கள், பிறகு நீண்டதைப் போடுங்கள்.

படத் தரத்துக்கு வருவோம். இந்தத் தொடரை 35 எம்.எம். பிலிமில் படம்பிடித்து, எடிட்டிங்கையும் கிராபிக்ஸையும் வீடியோ டேப்பில் முடித்தார்கள். அதனால் வீடியோ கடைகளில் எடுத்து வந்த கேசட்டிலும் சரி, பிறகு வந்த டிவிடியிலும் சரி, எல்லாம் பனி மூட்டத்துக்குப் பின்னால் நடப்பது போலவே இருந்தது. புளூரேக்காக மூல நெகட்டிவைத் தேடி எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எபிசோடையும் முதலிலிருந்து எடிட் செய்து, சிறப்புக் காட்சிகளையும் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். கைனனின் அங்கியில் துணி மடிப்பும் தொப்பி ஓரத்துத் தையலும் தெரிகின்றன. டென் ஃபார்வர்டு மேஜைகள் கீழிருந்து ஒளிர்வதால் அவர் குனிந்து பேசும்போது தாடையில் வெளிச்சம் படுகிறது, பழைய கேசட்டில் இதெல்லாம் ஒரே மஞ்சள் திட்டு. ஆனால் முதல் சீசன் அளவுக்கு இது கூர்மை இல்லை. இந்த சீசனின் மெருகேற்றும் வேலையை வேறு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். சில விண்வெளிக் காட்சிகளில் அது என் கண்ணுக்கே தெரிந்தது. படம் பழைய டிவி வடிவில் சதுரமாகத்தான் வரும், இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். அகலத் திரைக்கு இழுத்து வெட்டாமல் விட்டதற்கு நன்றி.

தமிழ் சப்டைட்டில் கிடையாது. அத்தை வயதில் உள்ளவர்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் எங்கள் வீட்டில் பிரச்சினை இல்லை, ஆனால் சென்னையிலிருந்து வந்திருக்கும் உறவினருக்குப் போட்டுக் காட்ட நினைத்தால் விஞ்ஞான வசனங்கள் வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். கூடுதல் அம்சங்களில் பழைய குழு இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நீளம். படப்பிடிப்புச் சொதப்பல்களைத் தொகுத்திருக்கிறார்கள், பார்த்துச் சிரிக்கலாம்.

சீசனின் கடைசி எபிசோடை விட்டுவிடுங்கள். காசு தீர்ந்துபோய்ப் பழைய காட்சிகளை ஒட்டிப் போட்டது, உலகம் பூராவும் ரசிகர்கள் அதைத் திட்டித் தீர்த்தாயிற்று.

விலை நம் ஊருக்குக் கூடத்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்த்தால் ரேண்டில் கையைக் கடிக்கும். எனக்கு வந்த பெட்டியில் ஒரு டிஸ்க் பிடியிலிருந்து கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது, விற்றவரிடம் புகார் சொல்லியும் பதில் வரவே இல்லை. நல்ல வேளை, கீறல் ஓடுவதைப் பாதிக்கவில்லை. வந்ததும் எல்லா டிஸ்க்கையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் பிளேயருக்கு ஒத்து வரும் மண்டலம்தானா (டிஸ்க் எந்தெந்த நாட்டு பிளேயர்களில் ஓடும் என்பதைச் சொல்லும் பிரிவு) என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், தென்னாப்பிரிக்கா புளூரேயில் பி மண்டலம். ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் போதாதா என்பவர்களுக்கு: அங்கே இன்றைக்கு இருக்கும் தொடர் அடுத்த மாசம் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, அந்த 57 நிமிஷ வடிவம் எனக்கு டிஸ்க்கில்தான் கிடைத்தது. கரண்ட் போகிற ராத்திரிகளில் இன்வெர்ட்டரில் டிவியும் பிளேயரும் ஓடினால் போதும், இன்டர்நெட் வேண்டாம்.

தென்னாப்பிரிக்கர்கள் பலருக்கு வூப்பி என்றதும் 1992-ல் வந்த 'சரஃபினா!' படத்தின் ஆசிரியைதான் நினைவுக்கு வரும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் கறுப்பர்கள் வாழும் சோவெட்டோவில், நிறவெறியை எதிர்த்து உலகம் நடத்திய கலாச்சாரப் புறக்கணிப்பு தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வந்து நடித்தார். அவர் வரக் கூடாது என்று எதிர்ப்பும் கிளம்பியது. மாணவர்களுக்கு மறைக்கப்பட்ட சரித்திரத்தைச் சொல்லித் தரும் டீச்சர் வேஷம் அது. 'தி மெஷர் ஆஃப் எ மேன்' பார்த்த கையோடு அந்த வகுப்பறைக் காட்சிகளைப் பாருங்கள். எதிரில் இருப்பவர் வாயிலிருந்தே பதிலை வரவழைக்கும் அதே முறை. டென் ஃபார்வர்டில் செய்ததைத்தான் சோவெட்டோ வகுப்பறையிலும் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த மதுக்கூடக் காட்சி அவருக்கு ஒத்திகை மாதிரி ஆகியிருக்கிறது.

பிறகு 2020-ல் பிகார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் வூப்பியின் டிவி நிகழ்ச்சிக்கே போய், எல்லோர் முன்னாலும் மறுபடி கைனனாக வாருங்கள் என்று கேட்டார், வூப்பிக்குக் கண் கலங்கிவிட்டது. 2022-ல் 'பிகார்ட்' தொடரில் வந்தார். அதைப் பார்த்தவர்கள் இதைப் பார்க்காமல் இருந்தால் அவர் ஏன் கலங்கினார் என்பது பாதிதான் புரிந்திருக்கும்.

கைனனைப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்த இரண்டாம் சீசனில் தொடங்குங்கள். அடுத்து மூன்றாம் சீசன் எடுங்கள், அதில் உள்ள 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்' எபிசோடில் காலமே மாறிப்போனது கப்பல் முழுக்க அவர் ஒருவருக்கு மட்டும் தட்டுப்படுகிறது. கையில் காசு மிச்சமிருந்தால் ஐந்தாம் சீசன் கடைசியிலும் ஆறாம் சீசன் முதலிலுமாக இரண்டு பாகமாய் வரும் 'டைம்ஸ் ஆரோ'வும் உண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு சான் பிரான்சிஸ்கோவில் மார்க் ட்வெய்னோடு கைனன். முதல் சீசனை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.